‘பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போன மாமாவுக்கு

அன்புக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய வரதன் மாமா,

கடையிலிருந்துதான் எழுதுகிறேன். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, கண் பரிசோதனை அறையில், பெரிசும் சின்னதுமாக எழுத்துகள் உள்ள அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இன்று சாயங்காலம் மேட்ச். சீசனின் கடைசி மேட்ச். தோற்காமல் வந்தால் போதும், நம்ம கிளப் அடுத்த வருஷமும் முதல் டிவிஷனில் ஆடும். தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். நீங்கள் இத்தனை வருஷம் விழாமல் பிடித்து வைத்திருந்த இடம், உங்களுக்கு முதல் வருஷத் திதி வருவதற்குள் என்னால் போய்விடுமோ என்பதைத் தவிர காலையிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய இட்லி அப்படியே டப்பாவில் இருக்கிறது. காலையில் கடைக்கு வந்த ஒரு அம்மாளுக்கு அவர் வீட்டுக்காரரின் கண்ணாடியைத் துடைத்து மாட்டி அனுப்பிவிட்டேன். அவர் படி இறங்கித் தெருவைப் பார்த்துத் திகைத்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப் போய் மாற்றிக் கொடுத்தேன். “ரெஃபரிக்கு நம்ம கடையில இலவசமா கண்ணாடி போட்டுக் கொடு” என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே, இப்போது எனக்கே யாராவது போட்டுவிட வேண்டும்.

நீங்கள் போன பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. நம் ஊருக்கு இங்கிலீஷிலும் இனி சென்னை என்றுதான் பெயராம். கடை போர்டில் ‘மெட்ராஸ்’ இருப்பதை அழித்து எழுத ஆள் சொல்லியிருக்கிறேன். வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக்காரர்கள் வந்து சாக்கை விரித்துவிட்டார்கள். உங்கள் ஸ்கூட்டர் என்னிடம்தான் இருக்கிறது. உங்களிடம் முரண்டு பிடித்த மாதிரியே என்னிடமும் பிடிக்கிறது, அதனால் பாரபட்சம் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். நம் பிரசிடெண்ட் ரங்கநாதன் வக்கீல் சார், வெளிநாட்டு கிளப்களில் உங்கள் வேலைக்கு ‘டைரக்டர் ஆஃப் ஃபுட்பால்’ என்று பெயர் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, எனக்கு ‘டைரக்டர்’ என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் டைரக்டர் என்றால் வேறு என்ன அர்த்தம்? தி.நகரில் ஒரு ஆட்டோக்காரர் கார்டைப் பார்த்ததும் மீட்டரை நிறுத்திவிட்டு, தன் தங்கச்சி பையன் நன்றாக ஃபைட் பண்ணுவான், ஒரு சான்ஸ் கொடுங்கள் என்றார். ஃபுட்பால் என்றேன். ஃபுட்பால் படம் என்றாலும் பரவாயில்லை என்றார். மீதிக் கார்டுகளை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். எனக்கு நீங்கள் சொல்லிக்கொண்ட ‘ஃபுட்பால் செகரட்டரி’யே போதும்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்தான் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். வரதனோடு எல்லா மேட்சுக்கும் போனவன் இவன்தானே என்றார் வக்கீல் சார். போனேன், வாஸ்தவம். ஸ்கூட்டர் ஓட்டப் போனேன். டீ வாங்கி வரப் போனேன். நீங்கள் ஸ்டேடியத்தின் மேல்படியில், பிளேயர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்பீர்கள். தோலைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அவ்வளவுதான் இந்த வேலை என்று நான் நம்பியிருந்தேன்.

கோச் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. விசில் ஊதுவார், திட்டுவார். பிரசிடெண்ட் என்றாலும் புரிகிறது. மாலை போட்டுக்கொள்வார். நடுவில் ஒருவன் இருக்கிறானே, எந்தப் பையனைக் கொண்டு வருவது, எவனை விடுவது, யாரைக் கோச்சாக வைப்பது, அந்தக் கோச் மேல் கமிட்டி பாயாமல் எப்படித் தடுப்பது என்று பார்க்கிறவன், அவன் யார் கண்ணிலும் படுவதில்லை. பந்தைத் தொடுவதும் இல்லை. ஆனால் எது கெட்டாலும் அவனிடம்தான் வருகிறார்கள். உங்களிடம் வந்தவர்கள் எல்லாம் போகும்போது சிரித்துக்கொண்டு போனார்கள். என்னிடம் வருகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள். இது எப்படி என்று எனக்கு மாதக்கணக்கில் விளங்கவே இல்லை.

இப்போது விளங்கிவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான். பாத்துக்கலாம்.

என்னைச் சேர்ப்பீங்களா சார் என்று ஒரு பையன் கேட்டால், பாத்துக்கலாம். இவனை எடுத்துவிடுங்கள் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னால், பாத்துக்கலாம். அதே முகம், அதே குரல், தோளில் ஒரு தட்டு. நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றும் அதற்கு அர்த்தம். இப்போதைக்கு இந்தப் பேச்சை விடு என்றும் அர்த்தம். கேட்கிறவன் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு போனான். நீங்கள் இருந்தவரைக்கும் அது ஓடியது, ஏனென்றால் அடுத்த நாளும் நீங்கள் இருந்தீர்கள். திடீரென்று நீங்கள் இல்லாமல் போனதும், நீங்கள் சொல்லிவைத்த அத்தனை ‘பாத்துக்கலாமு’ம் ஒவ்வொன்றாக என் கடைப் படியேறி வருகிறது.

இந்தச் சீசன் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் மழை ஆரம்பித்ததும் தோல்வியும் ஆரம்பித்தது. நம் கோச் ஏழுமலை உங்களுக்குத் தெரியாதவரா? தான் ஆடிய காலத்தில் எப்படி ஆடினாரோ அதே மாதிரிதான் இன்னும் பசங்களை ஆடச் சொல்கிறார். எல்லோரும் பின்னால் நில்லு, பந்து வந்தால் நீளமாக அடி, ஓடு. எதிராளிகள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். பசங்களும் களைத்துப் போகிறார்கள். நான் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “நீங்க கண்ணாடி விக்கறதப் பத்தி நான் எதுனா சொல்றேனா சார்?” என்று கேட்டார். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வாரம் ஆரம்பத்தில் வக்கீல் சார் கடைக்கு வந்தார். நான் ஒரு ஃபிரேமுக்குள் லென்ஸை அழுத்திக்கொண்டிருந்தேன். உடைந்துவிடாமல் செய்ய வேண்டிய வேலை. அவர் எதிரே உட்கார்ந்து சாவகாசமாக விபூதியைச் சரிசெய்துகொண்டு, கோச்சை இப்போதே மாற்ற வேண்டும் என்றார்.

“இது இன்னிக்கு நேத்திக்குச் சொல்றதில்லைப்பா சேகர். வரதன்ட்ட போன வருஷமே சொல்லியாச்சு. பாத்துக்கலாம் சார்னு எனக்கு வாக்குக் குடுத்தார். அவர் இருந்திருந்தா இந்நேரம் மாத்தியிருப்பார்.”

எனக்கு லென்ஸ் மேல் கண். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. “பாத்துக்கலாம் சார்.”

மாமா, சத்தியமாக நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. உங்களோடு சுற்றிச் சுற்றி என் நாக்கிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் முகம் மலர்ந்து, என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பிராக்டிஸ் பார்க்க மந்தைவெளி கிரவுண்டுக்குப் போனால், கிரவுண்டில் இரண்டு கோச். ஒரு பக்கம் ஏழுமலை, சேறு படிந்த அந்தப் பழைய கான்வாஸ் ஷூவோடு. இன்னொரு பக்கம் யாரோ ஒரு மனிதர், புது டிராக் சூட், கழுத்தில் புது விசில். அவர் ஊதினால் பசங்கள் இவரைப் பார்க்கிறார்கள். இவர் ஊதினால் அவரைப் பார்க்கிறார்கள். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறான். வேறு கிளப்பில் நடந்திருந்தால் நீங்களும் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

வக்கீல் சார்தான் அவரை வரச் சொல்லியிருக்கிறார். செகரட்டரி சம்மதித்துவிட்டார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எப்போது சம்மதித்தேன் என்று யோசித்ததும், லென்ஸை அழுத்திக்கொண்டே சொன்ன அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரைத் தனியாக அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, தவறு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தேன். பெரிய மனுஷர், விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பரவாயில்லை சார் என்றார்.

திரும்பி வந்தால் ஏழுமலை கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பசங்களை ஓட அனுப்பிவிட்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குரலே எழும்பவில்லை.

“இன்னா சார் இது? வரதன் சார் எனுக்கு வாக்கு குட்த்துகீறாரு. என்னிய தூக்கிருவாங்களா சார்னு அவர்கிட்டயே கேட்டேன். பாத்துக்கலாம் ஏழுமலைன்னாரு. அத்த நம்பித்தான கிண்டி ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் வேலைக்குக் கூப்டப்ப வோணாம்னு சொன்னேன்.”

மாமா, உங்களுக்கு அந்தப் பள்ளிக்கூட வேலை பற்றித் தெரியுமா? அவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் அப்போதும் தோளைத் தட்டி அதையேதான் சொன்னீர்களா? ராத்திரியெல்லாம் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டு புரண்டேன். ஒரே ஆளைப் பற்றி, வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவரிடமும், எடுத்துவிடுகிறேன் என்று இன்னொருவரிடமும் ஒரே வார்த்தையில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். ரெண்டு பேரும் வாக்கு என்கிறார்கள். ரெண்டு பேரும் என்னைப் பார்த்து, வரதன் சொன்னதைச் செய் என்கிறார்கள். நான் எந்த வரதன் சொன்னதைச் செய்வது?

உங்கள் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் அப்படியே செய்துவிட்டுப் போய்விடலாம், என் தலை தப்பும் என்று நினைத்தேன். அதனால் நேற்று அடையாறுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இத்தனை வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். லைனில் இரைச்சல் இருந்தாலும் யார் என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிடித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்கா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழுமலை விஷயமாக மாமா வீட்டில் ஏதாவது சொன்னாரா, வைத்துக்கொள்ளும் எண்ணமா, அனுப்பும் எண்ணமா, அந்த வார்த்தைக்கு அவர் மனதில் என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். அவள் கத்தி நிற்கவில்லை.

“எனக்கும்தான் சொன்னார்,” என்றாள். “நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னார். தேனாம்பேட்டை டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரலாம்னேன். பாத்துக்கலாம் லலிதா, சீசன் முடியட்டும்னார். நான் அதை ‘போறேன்’னு எடுத்துக்கிட்டேன்.”

பீன்ஸ் எல்லாம் நறுக்கி முடிந்த பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“என்ன அர்த்தம்னு என்னைக் கேக்கறே. அவருக்கே தெரியாது சேகர்.”

எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே மாமா, அந்தச் சமையலறையில் உங்கள் போட்டோ இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. போகும்போது அதைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். எல்லோருக்கும் நல்லவராக இருந்தீர்கள். யார் முகமும் வாடுவதைப் பார்க்க உங்களால் முடியாது. அது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் எங்கள் யார் முகத்தையும் வாட வைக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரே நாளில் எல்லோர் முகத்தையும் வாட வைத்துவிட்டீர்களே.

வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது நான் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்கே தெரியவில்லை. அக்கா பார்த்துவிட்டாள். என்ன அது, எப்போதிலிருந்து என்று கேட்டாள். வெறும் கேஸ் டிரபிள் என்றேன். டாக்டரிடம் காட்டு என்றாள். நான் ஸ்கூட்டர் சத்தத்தில் காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

வருகிற வழியில் அடையாறு பாலத்தில் டிராஃபிக். லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் ஒன்றை முடிவு செய்தேன். உங்கள் மனதில் என்ன இருந்தது என்று இனி யாரிடமும் கேட்பதில்லை. நீங்கள் சொல்லிவிட்டுப் போனதைச் செய்கிற ஆள் நான் என்று இத்தனை மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன். இந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது நான். எனக்கு என்ன தோன்றுகிறது?

எனக்குத் தோன்றியது இதுதான். கடைசி மேட்சுக்கு முன்னால் கோச்சை மாற்றுவது பைத்தியக்காரத்தனம். பசங்களுக்கு ஏழுமலை விசில் பழகிய விசில். அவர் முறைத்தாலே எவன் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். தோற்காமல் இருக்க வேண்டிய மேட்சுக்கு, எல்லோரும் பின்னால் நில்லு என்கிற ஆள்தான் சரி. ஆனால் அடுத்த வருஷத்துக்கு அவர் சரியில்லை. இந்தப் பசங்கள் வேறு மாதிரி ஆட வேண்டியவர்கள். ரெண்டும் நிஜம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இன்னொன்றை மேட்சுக்கு அப்புறம் சொல்லலாமா என்று சபலம் வந்தது. அப்படிச் செய்தால் அது வேறு வார்த்தையில் உங்கள் பாத்துக்கலாம்தான்.

முதலில் வக்கீல் சாரிடம் போனேன். கடைசி மேட்சுக்குக் கோச்சை மாற்றுவதில்லை, தோற்றால் பொறுப்பு என்னுடையது, அப்போது என்னையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வரதன் எனக்குக் கொடுத்த வாக்கு என்று மறுபடி ஆரம்பித்தார். அதே வாக்கைத்தான் சார் ஏழுமலைக்கும் கொடுத்திருக்கிறார் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி. “அப்போ எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திண்டிருந்தாரா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை மாமா, வருத்தம்தான் இருந்தது. உங்களுக்கு எத்தனை வருஷத்து சிநேகிதர்.

“இல்ல சார். ரெண்டு பேரையும் நோகடிக்கக் கூடாதுன்னு இருந்தார்.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வழக்கமாக வாசல் வரை வந்து அனுப்புகிறவர், நேற்று வரவில்லை. இருக்கட்டும்.

பிறகு நொச்சிக்குப்பம். சாயங்காலம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறவர்கள் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். ஏழுமலை தன் தம்பியின் படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. உட்காருங்கள் என்றேன், நானும் மணலில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“நாளைக்கு நீங்கதான் கோச். அதுல மாத்தமில்ல. அடுத்த வருஷம் நீங்க இல்ல மாஸ்டர். இது நான் எடுத்த முடிவு. வரதன் மாமா சொன்னது இல்ல.”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குழம்புக்கு மீன் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள், டீ குடிக்கிறீங்களா சார் என்று கேட்டாள். நான் தலையாட்டினேன், வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியவில்லை. டீ வந்தது.

பாதி டீ குடித்த பிறகு ஏழுமலை பேசினார்.

“அவரு இத்த அன்னிக்கே சொல்லிர்ந்தா, ரெண்டு நாளு கோவமா இருந்துருப்பேன் சார். அவ்ளோதான். அந்த ஸ்கூலுக்குப் போயிருப்பேன்.”

மாமா, உங்களிடம் நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. ரெண்டு நாள் கோபம், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமலா நீங்கள் இத்தனை வருஷம் தோளைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்? உங்கள் மேல் அவர் ரெண்டு நாள் கோபமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா ரெண்டு நாள் சண்டை போட்டு உங்களை டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது இடம் இருக்குமா என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் பாத்துக்கறேன் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு எழுந்தால் அந்த இடமே சுகமாக ஆகிவிடும். டீயை முழுங்கினேன். இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது, திங்கட்கிழமை காலையில் நானும் கூட வருகிறேன், இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம், இல்லை என்றால் வேறு பள்ளிக்கூடம் கேட்போம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. போகும்போது எழுந்து நிற்கவும் இல்லை. ஆனால் நான் ஸ்கூட்டர் வரை போன பிறகு கூப்பிட்டு, பசங்களிடம் இதைச் சொல்ல வேண்டாம், மேட்ச் முடிந்ததும் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

இப்போது சொல்லுங்கள், நான் செய்தது சரியா? மேட்சுக்கு முந்தின நாள் ஒரு கோச்சிடம் போய் உன் வேலை அடுத்த வருஷம் இல்லை என்று எந்தச் செகரட்டரியாவது சொல்வானா? இன்று அவர் மனசு விட்டுப்போய், பசங்கள் அதைப் பார்த்துச் சோர்ந்து, நாம் தோற்றுவிட்டால்? உண்மையைச் சொல்லுகிறேன் என்று கிளப்பையே கவிழ்த்தான் வரதன் மச்சினன் என்று லஸ் முழுக்கப் பேசுவார்கள். பேசினால் பேசட்டும் என்று எழுதத்தான் ஆசை. அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “டாக்டர்கிட்ட எப்பப் போறே?” என்றாள். என் வாயில் அது வந்துவிட்டது மாமா. ‘பா’ என்று ஆரம்பித்தும்விட்டேன். அந்தப் பக்கம் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டது எனக்குக் கேட்டது.

“செவ்வாய்க்கிழமை போறேன்க்கா. நீயும் கூட வா.”

சரி என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

நேரமாகிவிட்டது. உங்கள் குடையை எடுத்துக்கொண்டேன். மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் கடலைத் தோல் இருக்கிறது, உதறவில்லை. ஏழுமலை மாஸ்டர் வேனில் பசங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று இப்போதுதான் டீக்கடைக்காரர் வந்து சொன்னார். பழைய கான்வாஸ் ஷூவைச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருக்கிறாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கப் போவதில்லை.

மேல்படியில், உங்கள் இடத்தில்தான் உட்காரப் போகிறேன். மேலேயோ கீழேயோ, எந்த டிவிஷனில் இருந்தாலும் ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் கொடுத்த மாதிரி வாக்கு இல்லை, நிஜ வாக்கு. இனி என் கடைப் படியேறி வருகிறவர்கள் என்னிடமிருந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். முகம் வாடினால் வாடட்டும். ரெண்டு நாள்தானே.

உங்கள் மேல் இன்னும் ரெண்டு நாளைக்கு மட்டும் கோபமாக இருக்கப்போகும்,
உங்கள் மச்சினன்
சேகர்